மன்னிப்பு கேட்டுவிட்டால் கணக்கு தீர்ந்ததா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. படிக்காமலே லைக் போடுகிறவர்களை நான் கண்டுபிடித்துவிடுவேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

போன வாரம் என் அக்கா மகன் குடும்ப குரூப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ஆறு நிமிஷம். பின்னணியில் புல்லாங்குழல். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் கவர்னராக இருந்த ஜார்ஜ் வாலஸ் என்பவரைப் பற்றியது. கறுப்பின மக்களுக்கு எதிராக இருந்தாராம், சுடப்பட்டாராம், சக்கர நாற்காலியில் முடங்கினாராம், மனம் மாறி மன்னிப்பு கேட்டாராம், எல்லோரும் மன்னித்தார்களாம். சுபம். அடுத்த மாதம் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நடத்தப்போகும் தன்னம்பிக்கை வகுப்பில் இதைப் போட்டுக் காட்டப்போகிறானாம். குரூப்பில் ஒருவர் பாக்கியில்லாமல் கைகூப்பி போட்டிருந்தார்கள். நான் மட்டும் போடவில்லை. "மாமாவுக்கு என்ன கோபம்?" என்று கேட்டிருந்தான்.

கோபம்தான் மாப்பிள்ளை. வீட்டுக்குள் பேசி முடிக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் விஷயம் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது என்றபிறகு என் மாணவர்களும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அங்கே கவர்னர் என்றால் நம் ஊர் ராஜ்பவனில் இருப்பவர் மாதிரி இல்லை. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவி. நம் முதலமைச்சர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாநிலப் போலீஸ், கஜானா, பள்ளிகள் எல்லாவற்றிலும் அவர் சொல்லுக்குப் பலம் உண்டு.

அடுத்து, ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ மட்டும் படித்த இந்த வாத்தியாருக்கு அலபாமாவைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். இரண்டு வருஷம் முன்னால் அட்லாண்டாவில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். ஒரு சனிக்கிழமை மருமகன் காரில் டஸ்கலூசா என்ற ஊருக்குக் கூட்டிப்போனார். அலபாமா பல்கலைக்கழகம் அங்கேதான். ஃபாஸ்டர் அரங்கம் என்று ஒரு கட்டடம். பெரிய தூண்கள், அதற்குப் பின்னால் கதவுகள். முன்னால் ஒரு சதுக்கம், ஒரு மணிக்கூண்டு. சதுக்கத்துக்கு மலோன், ஹூட் என்று இரண்டு மாணவர்களின் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தக் கதவுக்கு முன்னால் நின்றபோது மருமகன் கதையைச் சொன்னார். வீட்டுக்கு வந்து மகளிடம் புத்தகம் வாங்கித் தரச் சொல்லி, அகராதியும் கையுமாகப் படித்தேன்.

1963ஆம் வருஷம் ஜூன் 11. விவியன் மலோன், ஜேம்ஸ் ஹூட் இருவருக்கும் இருபது வயது. நீதிமன்ற உத்தரவோடு கல்லூரியில் சேர வருகிறார்கள். மாநிலத்தின் கவர்னர் அந்தக் கதவை மறித்துக்கொண்டு நிற்கிறார். திடீர் ஆவேசத்தில் வந்து நின்றவர் இல்லை. பேசுவதற்கு மேடை வைத்து, டிவி கேமராக்கள் வரிசையாக நின்று, யார் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் கோடு போட்டு வைத்திருந்தார்கள். மத்திய அரசின் துணை அட்டர்னி ஜெனரல் நிக்கோலஸ் காட்ஸன்பாக் வெயிலில் நின்று, வழிவிடுங்கள் என்று கேட்கிறார். வாலஸ் எழுதிக் கொண்டுவந்த அறிக்கையை வாசிக்கிறார். பிள்ளைகள் இரண்டு பேரும் காருக்குள் காத்திருக்கிறார்கள். பிறகு ஜனாதிபதி கென்னடி அந்த மாநிலத்தின் தேசியக் காவல் படையைத் தன் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவருகிறார். ஜெனரல் ஒருவர் வந்து விலகச் சொல்கிறார். கவர்னர் விலகுகிறார். பிள்ளைகள் உள்ளே போகிறார்கள்.

தோற்கப்போகிறோம் என்று அவருக்குத் தெரியும். தடுப்பது அவர் நோக்கமே இல்லை, தடுப்பதைப் போலப் படம் எடுக்க வேண்டும். பள்ளி வாசலை நாடக மேடை ஆக்கினார் என்பதைத்தான் ஒரு வாத்தியாராக என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க வரும் அப்பா அம்மாக்கள் எத்தனை பயத்தோடு அந்த வாசலில் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

சரி, வாலஸ் இனவெறியோடே பிறந்து வளர்ந்தவர், பிற்பாடு கண் திறந்தது என்றுதானே வீடியோவில் வருகிறது? அதுதான் முதல் பொய்.

அவர் 1919இல் கிளையோ என்ற சின்ன ஊரில் பிறந்தார். பள்ளி நாட்களில் குத்துச்சண்டையில் மாநில சாம்பியன். சட்டம் படித்தார். இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் மேல் குண்டு போட்ட பி-29 விமானங்களில் வேலை பார்த்தார். 1946இல் மாநில சட்டசபைக்குப் போனார். 1948இல், கறுப்பின மக்களின் உரிமையைக் கட்சி பேசுகிறது என்று தென்மாநிலக்காரர்கள் பலர் ஜனநாயகக் கட்சி மாநாட்டை விட்டு வெளிநடப்பு செய்தபோது இவர் வெளியே போகவில்லை. பிறகு சர்க்யூட் நீதிபதியானார். ஜே.எல். செஸ்ட்நட் என்ற கறுப்பின வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார்: நீதிமன்றத்தில் தன்னை முதன்முதலில் "மிஸ்டர்" போட்டு அழைத்த நீதிபதி வாலஸ்தான் என்று. அந்தக் காலத்து அலபாமாவில் அது சின்ன விஷயம் இல்லை. எதிர்த்தரப்பு வெள்ளைக்கார வக்கீல்கள் செஸ்ட்நட்டின் கட்சிக்காரர்களை "இந்த ஆட்கள்" என்று இளக்காரமாகச் சொன்னதைக்கூட அவர் பொறுத்துக்கொள்ளவில்லையாம்.

ஆக, எது சரி என்று அவருக்குத் தெரியும்.

1958இல் கவர்னர் தேர்தலுக்கு நின்றார். எதிரே ஜான் பேட்டர்சன். அவருக்கு கு கிளக்ஸ் கிளான் ஆதரவு. வாலஸுக்குக் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தின் ஆதரவு. வாலஸ் தோற்றார். தோற்ற ராத்திரி, இனிமேல் இந்த விஷயத்தில் எவனும் என்னை மிஞ்ச விடமாட்டேன் என்று கூட இருந்தவர்களிடம் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. அவர் சொன்ன சொல்லில் ஒரு அசிங்கமான வார்த்தை இருக்கிறது, அதை இங்கே எழுதமாட்டேன். பிற்பாடு தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று மறுத்தார். மறுக்கட்டும். சொன்னாரோ இல்லையோ, அடுத்த நாலு வருஷத்தில் அதையே செய்தார். ஏன் இப்படி மாறினீர்கள் என்று கேட்டவரிடம் இன்னொன்றும் சொன்னதாக எழுதியிருக்கிறார்கள்: பள்ளிக்கூடம், சாலை, வரி என்று பேசிப் பார்த்தேன், யாரும் காது கொடுக்கவில்லை, கறுப்பர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் தரையை மிதித்து ஆரவாரம் செய்தார்கள் என்று.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. விடை தெரியாமல் தப்பாக எழுதுகிற பையனுக்கு நான் சொல்லிக்கொடுத்துவிடுவேன். விடை தெரிந்தும், பக்கத்தில் இருப்பவர்கள் கைதட்டுவார்கள் என்று தப்பாக எழுதுகிறவனை என்ன செய்வது? கிளான் கூட்டத்தில் இருந்த ஒரு முரட்டு ஆள் தன் வெறுப்பை உண்மை என்றே நம்பினான். அவனைவிட இவர் மோசம் என்பேன். இவர் நம்பவே இல்லாததை விற்றார்.

1963 ஜனவரி 14 அன்று பதவியேற்றார். "பிரிவினை இன்று, பிரிவினை நாளை, பிரிவினை என்றென்றும்" என்று முழங்கிய பேச்சு அன்றுதான். அதை எழுதிக்கொடுத்தவர் ஆசா கார்ட்டர் என்ற கிளான் ஆள். (இந்த மனிதர் பிற்பாடு பெயரை மாற்றிக்கொண்டு, செரோக்கி பழங்குடிச் சிறுவனாகத் தான் வளர்ந்த கதை என்று ஒரு புத்தகம் எழுதி விற்றார். ஊரே கண்ணீர் விட்டது. அது ஒரு தனிக்கதை.)

அந்த வருஷம் செப்டம்பரில், டஸ்கீஜி என்ற ஊரில் பதிமூன்று கறுப்பினப் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியில் சேர வேண்டிய நாளில், கவர்னர் மாநிலப் போலீஸை அனுப்பிப் பள்ளியைச் சுற்றி வளைத்தார். பள்ளி திறக்கவில்லை. இதே டஸ்கீஜியில் இருக்கிற புகழ்பெற்ற கறுப்பினக் கல்லூரியின் அறங்காவலர் குழுவில் ஒரு காலத்தில் இவரே உறுப்பினர். செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை, பர்மிங்ஹாம் நகரத்தில் 16ஆவது தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கேரோல் ராபர்ட்சன் மூவருக்கும் 14 வயது. டெனிஸ் மெக்னேருக்கு 11. நான்கு பேரும் செத்துப்போனார்கள்.

குண்டு வைத்தது வாலஸ் இல்லை. கிளான் ஆட்கள். அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், வாத்தியார் மிகைப்படுத்துகிறார் என்று யாரும் கமெண்ட் போட வேண்டாம். ஆனால் எட்டு மாதமாக மேடைக்கு மேடை தீ மூட்டியவர் யார்? மார்ட்டின் லூதர் கிங் அவருக்குத் தந்தி அடித்தார், எங்கள் பிள்ளைகளின் ரத்தம் உங்கள் கையில் இருக்கிறது என்று.

செல்மா நகரத்துக் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், சினிமாவாகவே வந்துவிட்டது. அந்த மாவட்டத்தில் ஓட்டுப் போடும் வயதுள்ள கறுப்பர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் பெயர்தான் வாக்காளர் பட்டியலில் இருந்தது. 1965 பிப்ரவரியில், பக்கத்து ஊரில் ஜிம்மி லீ ஜாக்சன் என்ற 26 வயது இளைஞரை மாநிலப் போலீஸ்காரர் ஒருவர் சுட்டார். அடி விழுந்த தன் அம்மாவைக் காப்பாற்றப் போனவர். சுட்டவர் குற்றத்தை ஒப்புக்கொண்டது 2010இல், தண்டனை ஆறு மாதம். மார்ச் 7 அன்று சுமார் 600 பேர் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைத் தாண்டி ஊர்வலம் போனார்கள். ஊர்வலம் கூடாது என்பது கவர்னர் உத்தரவு. அவருடைய போலீஸ் தடியாலும் கண்ணீர்ப் புகையாலும் அடித்துத் துரத்தியது. ஜான் லூயிஸின் மண்டை உடைந்தது.

"அந்தக் காலம் அப்படி மாமா, அவர் மட்டும் என்ன செய்வார்?" என்று நீ கேட்பாய் என்று தெரியும். அதற்கு ஃபிராங்க் ஜான்சன் என்ற பெயரைச் சொல்கிறேன். அதே அலபாமாக்காரர், வெள்ளைக்காரர், சட்டக் கல்லூரியில் வாலஸோடு படித்தவர். 1955இல் மத்திய அரசின் நீதிபதி ஆனார். மான்ட்கமரி பஸ்களில் கறுப்பர்களைத் தனியாக உட்கார வைப்பது செல்லாது என்று தீர்ப்புச் சொன்ன மூன்று நீதிபதிகளில் ஒருவர். செல்மா ஊர்வலத்துக்கு அனுமதி கொடுத்ததும் அவர்தான். வாலஸ் மேடையில் அவரைப் பொய்யன் என்று திட்டி ஓட்டு வாங்கினார். ஜான்சன் வீட்டு முன்னால் சிலுவையை எரித்தார்கள். 1967இல் அவருடைய அம்மா வீட்டில் குண்டு வைத்தார்கள், நல்லவேளையாக அந்த அம்மாள் பிழைத்தார். ஒரே மண், ஒரே கல்லூரி, ஒரே காலம். இப்போது சொல், காலம் என்ன செய்தது?

குடும்பத்தையும் விட்டுவைக்கவில்லை மனுஷர். ஒருவரே தொடர்ந்து இரண்டு முறை கவர்னர் ஆக முடியாது என்று அப்போது சட்டம். அதனால் 1966இல் மனைவி லர்லீனை நிறுத்தி ஜெயிக்க வைத்தார். அந்த அம்மாளின் உடம்பில் புற்றுநோய் இருக்கலாம் என்று 1961இலேயே டாக்டர் கணவரிடம் சொல்லியிருக்கிறார். கணவர் மனைவியிடம் சொல்லவில்லை. பதவியில் இருக்கும்போதே 1968 மே மாதம் அவர் இறந்தார், 41 வயது. அதே வருஷம் வாலஸ் தனிக்கட்சியில் ஜனாதிபதி தேர்தலுக்கு நின்றார். சுமார் 99 லட்சம் ஓட்டு, ஐந்து மாநிலங்களில் முதலிடம்.

1970இல் மறுபடி கவர்னர் தேர்தல். இந்தக் கட்டத்தை அந்த வீடியோ ஒரே தாவாகத் தாவிவிடுகிறது. அதற்குள் சட்டம் மாறிவிட்டது, கறுப்பர்கள் ஓட்டுப் போட ஆரம்பித்துவிட்டார்கள், காலமும் மாறிக்கொண்டிருந்தது. அப்போதும் அவர் தரப்பில் வந்த ஒரு விளம்பரத்தில் ஒரு வெள்ளைக்காரச் சிறுமியைச் சுற்றிக் கறுப்பினப் பையன்கள் நிற்கிற படம் போட்டு, அலபாமாவே விழித்துக்கொள் என்று பயமுறுத்தினார்கள். ஜெயித்தார்.

1972 மே 15. மேரிலாந்து மாநிலத்தில் ஒரு கடைவீதிக் கூட்டத்தில் ஆர்தர் பிரெமர் என்பவன் சுட்டான். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. கொள்கைக்காகச் சுட்டவனும் இல்லை, பேர் வாங்க வேண்டும் என்று சுட்டவன். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்களில் ஷெர்லி சிசம் ஒருவர். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன முதல் கறுப்பினப் பெண், அந்தத் தேர்தலில் இவருக்கு எதிராக நின்றவர். தன் ஆட்களே திட்டினாலும் பரவாயில்லை என்று வந்தார். வீடியோவில் இந்த இடத்தில் புல்லாங்குழல் உச்சத்துக்குப் போகிறது. எனக்கும் கண் கலங்கியது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் கலங்கியது சிசம் அம்மாளுக்காக.

பிறகு மாறினார். மாறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1979இல், மார்ட்டின் லூதர் கிங் போதகராக இருந்த டெக்ஸ்டர் அவென்யூ தேவாலயத்துக்கு முன்னறிவிப்பு இல்லாமல் போய் மன்னிப்பு கேட்டார். 1982இல் கறுப்பினத்தவர் ஓட்டையும் வாங்கி நான்காம் முறை கவர்னர் ஆனார், அவர்களில் பலரைப் பதவிகளில் வைத்தார். இதுவும் ஓட்டுக் கணக்குத்தானே என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஆனால் 1995இல், செல்மா ஊர்வலத்தின் முப்பதாவது ஆண்டில், காது கேட்காமல், பேச்சும் சரியாக வராமல், சக்கர நாற்காலியில் அந்த மக்கள் முன்னால் வந்தார். அப்போது வாங்குவதற்கு ஓட்டு எதுவும் மிச்சம் இல்லை. அதனால் அந்த மன்னிப்பைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நல்லதும் செய்தார் என்பார்கள். செய்தார். இலவசப் பாடப்புத்தகம் கொடுத்தார், தொழிற்கல்வி நிலையங்களும் இரண்டு வருஷக் கல்லூரிகளும் ஊர் ஊராகத் திறந்தார். ஏழைப் பிள்ளைகள் படித்தார்கள். வாத்தியாராக அதற்குக் கும்பிடு போடுவேன். டஸ்கீஜியில் போலீஸை வைத்துப் பள்ளியை மூடியதை அது சரிக்கட்டிவிடாது. பர்மிங்ஹாமில் ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்துக்கு வைத்திருந்த அவர் பெயரை 2021இல் எடுத்துவிட்டார்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஜான் லூயிஸ் மன்னித்தார், அவர் இறந்தபோது பத்திரிகையில் எழுதவும் செய்தார். மண்டை உடைந்தது அவருக்கு, அவர் மன்னிக்கலாம். ஜேம்ஸ் ஹூட் 1998இல் வாலஸின் இறுதிச் சடங்குக்கே போனார். அவர்கள் பெரிய மனசு. ஆனால் ஜிம்மி லீ ஜாக்சன் மன்னித்தாரா? அந்த நான்கு பிள்ளைகள்? அவர்களிடம் கேட்க யாருக்கும் வழியில்லை. அவர்கள் கொடுக்காததை "எல்லோரும் மன்னித்தார்கள்" என்று ஆறு நிமிஷ வீடியோ எப்படி எடுத்துக் கொடுக்கிறது? குடும்ப குரூப்பில் கைகூப்பி போட்ட நம் அத்தைமார்கள் எந்தக் கணக்கில் மன்னித்தார்கள்?

இதில் எனக்கு இத்தனை சூடு ஏன் என்றால், நானே அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். வகுப்பில் ஒரு பையன் இன்னொருவனை அடிப்பான். அடித்தவனைக் கூப்பிட்டு மிரட்டுவேன், அழுவான், "சாரி சார்" என்பான். "சாரி சொல்லிட்டான்ல, கை குடு, போய் உட்காரு" என்று அடி வாங்கியவனிடம் சொல்வேன். பாடம் ஓடவேண்டுமே. பல வருஷம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் பழைய மாணவன் ஒருவன் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுச் சொன்னான்: "சார், அவன் உங்ககிட்டதான் சாரி சொன்னான். எங்கிட்ட சொல்லல. நீங்களும் என்னை ஒரு வார்த்தை கேக்கல." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பந்தியில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதைப் படித்தால் அவனுக்குத் தெரியும், தன்னைத்தான் சொல்கிறேன் என்று. மன்னித்துக்கொள் தம்பி. மன்னிக்காவிட்டாலும் சரிதான்.

மாப்பிள்ளை, அந்த வீடியோவை நான் மூன்று தடவை பார்த்தேன். ஜார்ஜ் வாலஸ் பெயர் முப்பத்தோரு தடவை வருகிறது. விவியன் மலோன் பெயர் ஒரு தடவைகூட இல்லை, "ஒரு கறுப்பின மாணவி" என்று போகிறது. அந்த மாணவி தினமும் காவலர்கள் துணையோடு வகுப்புக்குப் போய், 1965இல் பட்டம் வாங்கினார். அந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய முதல் கறுப்பினத்தவர். 1996இல் வாலஸ் குடும்பத்து அறக்கட்டளை லர்லீன் பெயரில் வைத்திருந்த துணிச்சல் விருதை அவருக்குக் கொடுத்தது. போய் வாங்கிக்கொண்டார்.

அந்த பிளஸ் டூ வகுப்பில் முன் பெஞ்சில் இருக்கிற பெண் பிள்ளைகளுக்கு யார் கதையைச் சொல்லப் போகிறாய்? வீடியோவைப் போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் எனக்கு அரை மணி நேரம் கொடு. டஸ்கலூசாவில் எடுத்த போட்டோக்கள் போனில் இருக்கின்றன, புரொஜெக்டர் மட்டும் ஏற்பாடு செய். தேதியைக் குடும்ப குரூப்பில் போடாதே, கைகூப்பிகளுக்கு நடுவே தொலைந்துவிடும். இங்கேயே கமெண்டில் போடு.